கூரையில்லாத வீடுகளின் சின்யோரா

ஆள் குடியிருக்கிற வீட்டைச் சின்யோராவின் கண்ணில் காட்டக்கூடாது. அதே வீடு கூரை விழுந்து, கதவு போய், நடு அறைக்குள் புல் முளைத்துக் கிடந்தால் சுவரைத் தடவித் தடவி அழுவார். கேலிக்குச் சொல்லவில்லை. அவரிடம் நாலைந்து வருஷம் வேலை செய்தவன் நான், கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறேன். அவர், இவர் என்று எழுதுவதும் பழக்கதோஷம். மனதில் உள்ளதை உள்ளபடி எழுதப்போனால் இதை யாரும் அச்சில் போடமாட்டார்கள்.

அயர்லாந்தில் பிறந்தவர். இளம் வயதில் ஆங்கிலம் படிப்பிக்கவென்று சிசிலியின் பலெர்மோவுக்கு வந்து, பழைய பணக்காரக் குடும்பம் ஒன்றின் பிள்ளையைக் கட்டி, அந்த மனிசன் கண்ணை மூடிய பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் மாடிவீடு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையிலிருந்து வந்து வேலை தேடி அலைந்த என்னை எங்கள் கத்தோலிக்கப் பங்குச் சுவாமிதான் அந்த வீட்டில் கொண்டுபோய் விட்டார். கூட்டுவது, துடைப்பது, சமைப்பது, உடுப்பு மினுக்கி மடிப்பது. என் பெயர் சேவியர். முதல்நாளே என்னைச் 'சவேரியோ' ஆக்கிவிட்டார்; எனக்கு அவர் 'சின்யோரா', இத்தாலியனில் 'அம்மணி'.

ஒவ்வொரு கோடையும் அவர் அயர்லாந்துக்குப் போவார். சொந்தக்காரர்களைப் பார்க்க அல்ல, படம் பிடிக்க. திரும்பி வரும்போது பெட்டி நிறைய பிலிம் சுருள்கள் இருக்கும். கூரையில்லாத தேவாலயங்கள், கல்லறைகளுக்கு நடுவே ஒற்றையாக நிற்கும் கோபுரங்கள், கோயிலின் நடுப்பகுதியில் மேயும் செம்மறிகள், மலைச்சரிவில் சனம் இல்லாமல் போன ஊர்கள். சாப்பாட்டு மேசைக்கு மேலே ஆளுயரத்தில் ஒரு படம் மாட்டியிருந்தது. ஒரு கல்வீட்டின் இரண்டு சுவர், ஒரு யன்னல், யன்னலுக்குள்ளால் மேகம். விருந்தாளிகள் அதற்குக் கீழே இருந்துதான் வாள்மீன் சாப்பிடுவார்கள். குளிர்சாதனப் பெட்டியில் வெண்ணெய் வைக்கிற தட்டு பிலிமுக்கு. என்னுடைய கத்தரிக்காய்க் கறியை அதற்குள் வைக்க விடமாட்டார். வாடை படத்துக்குள் போய்விடுமாம்.

சிசிலி வெயில் அவருக்குப் பிடிக்காது. "இந்த வெயிலுக்கு வெட்கம் கிடையாது, சவேரியோ. எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறது. கல் பேசவேண்டும் என்றால் மேகம் வேண்டும்" என்பார். அதனால் இங்கே அவர் கமெராவைத் தூக்குவது மழை இருட்டின நாளில் மட்டும். அன்றைக்கு வீட்டு வேலை இல்லை. கமெரா முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு நான் பின்னால் போகவேண்டும்.

அப்படி ஒருநாள் நகரத்துக்கு வெளியே, மலைப்பக்கம் இருந்த பழைய பண்ணை மாளிகை ஒன்றுக்குப் போனோம். பாதி இடிந்தது. சின்யோராவின் முகம் கல்யாண வீட்டுக்குப் போகிறவரின் முகமாக இருந்தது. காரை விட்டிறங்கி முக்காலியை நிறுத்தி, அரைமணி நேரம் மேகம் பார்த்து நின்றார். சரியான மேகம் வந்த நேரத்தில் இடிந்த மூலையிலிருந்து ஒரு பெண் வெளியே வந்து எங்களைக் கண்டு கையைக் காட்டினாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். மேய்ப்பன் குடும்பம். மிச்சமிருந்த இரண்டு அறையைத் திருத்தி, தகரம் போட்டு, அதற்குள் இருந்தார்கள். கோப்பி குடித்துவிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டாள். நான் போய்க் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தால் சின்யோரா கமெராவை மடக்கிக் காருக்குள் வைத்துவிட்டு உம்மென்று இருக்கிறார்.

"படம் எடுக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"பழுதாகிவிட்டது."

"கமெராவா?"

"இடம். ஆட்கள் இருக்கிறார்கள்."

அன்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கிறுக்கு இருக்கும், பணக்காரருக்குக் கொஞ்சம் கூட இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இலையுதிர் காலத்தில் அவர் படங்களைத் திரையில் போட்டுக் காட்டி ஒரு பேச்சு வைப்பார். டாக்டர்கள், வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள் என்று பெரிய மனிசர்கள் வருவார்கள். சிலைட் புரொஜெக்டரை இயக்குவது நான். மலைச்சரிவில் வரிசையாக நின்ற கூரையில்லா வீடுகளின் படம் வந்ததும் அவர் குரல் தழுதழுக்கும். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய உருளைக்கிழங்குப் பஞ்ச காலத்தில் அந்தச் சனத்தால் குத்தகை கட்ட முடியவில்லையாம். நிலச்சொந்தக்காரன் ஆட்களை அனுப்புவானாம். அவர்கள் குடும்பத்தை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, முகட்டு வளைமரத்தில் கயிறு கட்டி இழுத்துக் கூரையை விழுத்துவார்களாம். அந்தச் சனம் இருட்டினபிறகு திரும்பி வந்து படுத்துவிடக்கூடாது, அதற்குத்தான். "சுவரை இடிக்கவில்லை. கூரையை மட்டும் எடுத்தார்கள். மிச்சத்தை மழை செய்தது" என்று சொல்லி நிறுத்துவார். கிழங்கு நட்ட பாத்தி இன்றைக்கும் அந்த மலையில் வரிவரியாகத் தெரிகிறது என்று கையால் காட்டுவார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைப்பார். சபையும் துடைக்கும்.

நானும் அழுதேன். ஏன் பொய் சொல்ல? ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டின் ஓடுகளையும் ஷெல் அடித்துக் கொட்டிவிட்டது. நாங்கள் கிடைத்ததைப் பொறுக்கிக்கொண்டு வள்ளம் ஏறினோம். காரில் வரும்போது இதைச் சொன்னேன். சின்யோரா காரை ஓரமாக நிறுத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு "பாவம், பாவம்" என்றார். நல்ல மனிசி, வலி தெரிந்தவர் என்று அன்றைக்கு நம்பினேன். அந்தக் கதையைக் கேட்ட எவனும் நம்பியிருப்பான்.

அப்போது அக்கா, அத்தானோடு நானும் ஒரேத்தோ வீதியில் ஒரே வீட்டுக்குள் மூன்று குடும்பமாக நெருங்கிக்கொண்டிருந்தோம். அக்கா அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தா. இதைக் கேள்விப்பட்டதும் சின்யோரா தானாகவே சொன்னார். வுச்சீரியா சந்தைக்கு மேலே புருஷன் வழியில் வந்த பழைய மாளிகை ஒன்று கிடக்கிறது, இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்து பாதி போய்விட்டது, மேல்தட்டில் இரண்டு அறை மட்டும் நல்லாக இருக்கிறது, ஓடு போட்டது, வந்து இருங்கள் என்றார். அத்தான் ஒப்பந்தம் பற்றிக் கேட்கச் சொன்னார். நான் கேட்டேன்.

"உனக்கும் எனக்கும் நடுவில் காகிதம் எதற்கு, சவேரியோ?"

எங்களுக்கு அது பெரிய கௌரவமாக இருந்தது. மூன்று பேரும் குடிபோனோம். மாதாமாதம் வாடகையைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் யன்னலுக்குக் கண்ணாடி போட்டார், தண்ணீர்க்குழாய் இழுத்தார், வெடித்த சுவருக்குச் சாந்து பூசி இளம்பச்சை அடித்தார். சின்யோராவுக்குக் காட்டி ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று கூட்டிக்கொண்டு வந்தோம். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். முகம் செத்துப்போயிற்று.

"இங்கே ஒரு கறை இருந்ததே. தண்ணீர் வடிந்த கறை. அது எங்கே?"

"பூசிப்போட்டம்" என்றார் அத்தான், பெருமையோடு. நான் அதை இத்தாலியனில் சொன்னேன். சின்யோரா பச்சைச் சுவரில் கையை வைத்து, செத்த வீட்டில் நிற்பவர் போலத் தலையை ஆட்டினார். அக்கா கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்கவில்லை.

"என்னடா தம்பி, அந்த மனிசிக்கு வீடு வடிவாயிருக்கிறது பிடிக்கேல்லையோ?" என்று அக்கா கேட்டா.

பெண்பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு யாரை ஞானத்தாயாகப் பிடிப்பது என்று கதை வந்தபோது அக்காதான் சின்யோராவின் பெயரைச் சொன்னா. அத்தான் பின்னடித்தார்.

"எங்கடை ஆக்களிலை ஒருத்தரும் இல்லையே? பேச்சுப் புரியாத மனிசியைப் பிடிச்சு..."

"உங்களுக்கு ஒண்டும் விளங்காது" என்றா அக்கா. "கையிலை ஒரு துண்டுக் கடுதாசி இல்லாமல் அந்த வீட்டிலை இருக்கிறம். நாளைக்கு இஞ்சை தங்குறதுக்கான பெர்மேசோவைப் புதுப்பிக்கப் போகேக்கை விலாசம் கேப்பாங்கள். வீடு இல்லையெண்டால் பெர்மேசோவும் இல்லை. ஞானத்தாய் எண்டால் தாய்க்குச் சரி. தன்ரை பிள்ளையை ஆரும் ரோட்டிலை விடுவினமே?"

இதுதான் எங்கள் கணக்கு. எங்கள் ஊரில் ஞானத்தாய் என்றால் அது விளையாட்டல்ல. வீட்டில் சண்டை வந்து சொந்தத் தாயோடு கதைக்காத பிள்ளைகூட ஞானத்தாயிடம் போய் நிற்கும். தாய் தகப்பனுக்கு ஒன்று நடந்தால் பிள்ளையைத் தூக்குவது அவள்தான். ஒப்பந்தக் காகிதத்தைவிட இது பலமான கட்டு என்று நாங்கள் நினைத்தோம். வேறு யாரும் இப்படி நினைத்திருக்கமாட்டார்கள்.

சின்யோரா சந்தோஷமாகச் சம்மதித்தார். தொப்பி போட்டுக்கொண்டு வந்து, பிள்ளையைக் கையில் ஏந்தி, சாத்தானை விட்டுவிடுகிறேன் என்று உரத்த குரலில் சொன்னார். வெள்ளிச் சிலுவை ஒன்று போட்டார். பெரிய கமெரா தோளில் தொங்கியது. அக்கா வெட்கத்தோடு, "எங்களை ஒரு படம் எடுத்துவிடச் சொல்லு தம்பி" என்றா. கேட்டேன்.

"நான் முகங்களை எடுப்பதில்லை, சவேரியோ. உனக்குத் தெரியுமே."

ஞானஸ்நானத் தொட்டியின் உடைந்த விளிம்பை மட்டும் குனிந்து நின்று எடுத்தார். எங்கள் படத்தை அத்தானின் சிநேகிதர் ஒருவர் சின்னக் கமெராவில் எடுத்தார். பாதிப்பேருக்குத் தலை இல்லை.

பிள்ளை நடக்கத் தொடங்கிய காலத்தில் பழைய நகரத்துக்கு மவுசு வந்தது. இடிந்த மாளிகைகளைத் திருத்துகிறோம் என்று சாரங்கள் எழும்பின. வடக்கிலிருந்து ஒரு கட்டடக்கலைஞர் வந்து சின்யோராவின் மாளிகைக்கு விலை பேசினார். காலியாக ஒப்படைக்கவேண்டும் என்பது நிபந்தனை. இதெல்லாம் பிறகுதான் தெரியவந்தது. எனக்குச் சின்யோரா சொன்னது வேறு. குசினி மேசையில் தோடம்பழம் உரித்துக்கொண்டே சொன்னார்.

"கூரை பழுதாக இருக்கிறது. திருத்தவேண்டும். உன் அக்கா ஒரு இரண்டு மாதம் வேறு எங்காவது இருக்கட்டும்."

"எங்கே, சின்யோரா?"

"உங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு உதவி. அதுதான் உங்களிடம் எனக்குப் பிடித்தது."

பெர்மேசோ புதுப்பிக்கக் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்துக்குப் போகவேண்டிய நேரம் அது. அக்கா அசையமாட்டேன் என்றா. வேறு வீடு கிடைக்கட்டும், அடுத்தநாளே இறங்கிவிடுகிறோம் என்று சொல்லச் சொன்னா. நான் அப்படியே சொன்னேன். சின்யோரா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

கார்த்திகை மாதம், அத்தானும் நானும் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் நாலு வேலையாட்கள் வந்து கூரையில் ஏறினார்கள். அக்காவும் பிள்ளையும் மட்டும் வீட்டில். "சின்யோரா சொன்னவ" என்றார்களாம். குசினிக்கு மேலும் படுக்கை அறைக்கு மேலும் இருந்த ஓடுகளைக் கழற்றி, பக்கத்து மொட்டைமாடியில் வடிவாக அடுக்கி வைத்துவிட்டு மத்தியானத்துக்குள் போய்விட்டார்கள். அடுத்தநாள் வரவில்லை. அதற்கு அடுத்தநாளும் வரவில்லை. வானம் தெரிந்தது. பிறகு மழை வந்தது. கீழே வுச்சீரியாவில் மீன்காரர்கள் சிவப்புப் பந்தலுக்குக் கீழே கூவி விற்றுக்கொண்டிருக்க, மேலே அக்கா இருக்கிற சட்டி, பானை, வாளி எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு நடுவில் பிள்ளையை மடியில் வைத்தபடி இருந்தா. நீலப் பொலித்தீனைக் கட்டினோம். காற்று அடித்துக்கொண்டு போனது. திரும்பக் கட்டினோம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகப் பொலிதேயாமாவுக்கு நடந்தேன். சின்யோரா மேசையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே அந்த இரண்டு சுவரும் யன்னலும்.

"கூரையைக் கழற்றிவிட்டார்கள். மழை உள்ளே பெய்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல்" என்றேன்.

"ஓடு உடைந்துவிட்டதா?" என்றார். "கவனமாக அடுக்கச் சொல்லியிருந்தேன். அந்த மாதிரி ஓடு இப்போது யாரும் செய்வதில்லை."

நான் படத்தைக் காட்டினேன். "இதைச் செய்தவர்களைப் பற்றித்தானே நீங்கள் வருஷா வருஷம் அழுகிறீர்கள்? கூரையை மட்டும் எடுத்தார்கள், மிச்சத்தை மழை செய்தது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

கோபப்படுவார், வெட்கப்படுவார், இரண்டில் ஒன்று நடக்கும் என்று நினைத்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். படிப்பில் மொக்கான பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"அது வேறு, சவேரியோ. அவர்கள் தங்கள் சொந்த மண்ணில் இருந்தவர்கள்."

காரை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்த அதே மனிசிதான் இதைச் சொன்னார். எங்கள் சொந்த மண்ணில் எங்கள் ஓடு எப்படிப் போனது என்று அவருக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். அதைக் கேட்டு உருகியவர்தான். ஊர்காவற்றுறையில் கிடக்கிற எங்கள் மொட்டைச் சுவரை யாராவது படம் பிடித்துக் கொடுத்தால் அதையும் மேசைக்கு மேலே மாட்டுவார். அந்தச் சுவருக்குள் இருந்த சனம் வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினால்தான் கஷ்டம்.

"அப்படியென்றால் சொந்த மண்ணிலும் எங்களுக்குக் கூரை இல்லை, உங்கள் மண்ணிலும் இல்லை. அப்படித்தானே?" என்று கத்தினேன்.

"நீ களைத்துப்போயிருக்கிறாய். இன்றைக்கு நேரத்தோடு வீட்டுக்குப் போ" என்றார். எந்த வீட்டுக்கு என்ற கேள்வி எனக்கு வீதிக்கு இறங்கிய பிறகுதான் வந்தது.

பங்குச் சுவாமி ஓடித்திரிந்து ஒரேத்தோவில் ஒரு குடும்பத்திடம் ஓர் அறை கேட்டு வாங்கினார். அறை தருகிறோம், விலாசம் தரமாட்டோம் என்று வீட்டுக்காரன் சொல்லிவிட்டான். அக்காவின் பெர்மேசோ அந்தரத்தில் தொங்கியது. பிள்ளையின் நெஞ்சில் சளி கட்டியிருந்ததால் வேறு யோசிக்க இடமில்லை. சனிக்கிழமை சாமான் ஏற்றினோம். அன்றைக்கும் தூறல்.

அத்தானும் நானும் கட்டிலைக் கீழே இறக்கிவிட்டு மேலே வந்தால், படுக்கை அறைக்குள் சின்யோரா நிற்கிறார். முக்காலியை விரித்துக் கமெராவைப் பூட்டியாயிற்று. நல்ல சாம்பல் மேகம். திறந்த கூரைக்குள்ளால் வெளிச்சம் சுவரில் விழுகிறது. அத்தான் அடித்த பச்சை ஈரத்தில் ஊறிச் செதில் செதிலாக உரிந்து, உள்ளேயிருந்து பழைய கறை வெளியே வந்துகொண்டிருந்தது. சின்யோராவின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. என்னைக் கண்டதும் குடையை நீட்டினார்.

"கமெராவுக்கு மேலே பிடி, சவேரியோ. ஒரு நிமிஷம்தான்."

சொன்னால் வெட்கம், கை தானாகப் போய்க் குடையை வாங்கிப் பிடித்தது. அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் அக்கா சட்டி பானையைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தா, இடுப்பில் பிள்ளை.

"அவர்களைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்."

அக்காவுக்கு இத்தாலியன் அரைகுறை. ஆனால் இது விளங்கிவிட்டது. சாக்கைக் கீழே வைத்தா. நேரே சின்யோராவிடம் நடந்து வந்து, பிள்ளையை அவர் கையில் கொடுத்தா.

"ரெண்டு கையும் வேணும் எனக்கு, சாமான் இறக்க. ஞானத்தாய்தானே, வைச்சிருக்கட்டும்."

கொடுத்த வேகத்தில் சின்யோரா வாங்கிவிட்டார். அக்கா சாக்கைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் அங்கேயே திரும்பி நின்றா. தூறல் மழையாயிற்று. கூரையில்லாத அறையின் நடுவில் சின்யோரா பிள்ளையோடு நிற்கிறார். பிள்ளை இருமி அழுதது. தலைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியது.

"பிள்ளையை வாங்கச் சொல்! நனைகிறாள்! நனைகிறாள், சவேரியோ!"

"ஓ, நனையிறது இப்பதான் தெரியுதோ?" என்றா அக்கா.

நான் அதை ஒரு சொல் விடாமல் இத்தாலியனில் சொன்னேன். சொல்லிக்கொண்டே போய்க் குடையைப் பிள்ளைக்கு மேலே பிடித்தேன்.

சின்யோராவின் கண் எங்கள் ஒருவர் முகத்துக்கும் வரவில்லை. என் தோளுக்கு மேலால் பின்னுக்குப் பார்த்தார். பிறகு பிள்ளையை என் நெஞ்சில் திணித்துவிட்டு, கழுத்துச் சால்வையை உருவிக்கொண்டு கமெராவிடம் ஓடினார். அதன் கண்ணாடியைத் துடைத்தார், பெட்டியைத் துடைத்தார், அதைச் சால்வைக்குள் பொதிந்து கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் இறங்கினோம். அதற்குப் பிறகு நான் அந்த வீட்டு வேலைக்குப் போகவில்லை.

ஒரேத்தோவுக்குப் போகிற வழியில் அக்கா ஒரேயொரு கதைதான் கதைத்தா. "தம்பி, சுவாமியிட்டை ஒருக்காக் கேட்டுப்பார். கோயில் புத்தகத்திலை ஞானத்தாய் எண்டு எழுதின அந்தப் பேரை வெட்டேலாதோ எண்டு."

அடுத்த ஞாயிறே கேட்டேன். சுவாமி பதிவுப் புத்தகத்தை எடுத்து விரித்தார். ஞானஸ்நானப் பதிவில் எழுதினது எழுதினதுதான், அதை வெட்டக் கோயிலில் வழி இல்லை என்றார். என் மருமகளுக்கு இப்போது கல்யாணம் பேசுகிறார்கள். ஞானஸ்நானப் பத்திரம் எடுக்கப்போனோம், அந்தப் பெயர் அதில் அப்படியே இருக்கிறது. ஒரு இடத்தில் இருப்பது போதும். அதனால்தான் அவர் பெயரை இங்கே நான் எழுதவில்லை.